பார்க்காமல் வாங்கிய அல்டெஸா

வீடியோவில் கார் அழகாகத்தான் இருந்தது. வெள்ளி நிறம், மாலை வெயில், பின்னால் ஒரு வேப்பமரம். நாலு நிமிட வீடியோவை அன்றிரவு எட்டுத் தடவை பார்த்தேன். ஒன்பதாவது தடவை மனைவி போனை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். "அடிப்பக்கம் எப்பிடி இருக்கெண்டு கேட்டீங்களா?" என்றாள். நான் கேட்டிருக்கவில்லை.

கார், 1999இல் செய்த டொயோட்டா அல்டெஸா ஆர்எஸ்200. ஆறு கியர் மனுவல். நின்ற இடம் திருகோணமலை. நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு மருந்துக்கடை நடத்துகிறேன். பதிவுபெற்ற மருந்தாளர் கடையில் நிற்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கடையில் அந்தப் பதிவு என் ஒருவனுக்குத்தான். கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஒரு காரைப் போய்ப் பார்த்து வருவதென்றால் இரண்டு நாள் கடையைப் பூட்ட வேண்டும். இன்சுலினுக்கு வருகிறவர்களை இரண்டு நாள் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் காரைக் கண்ணால் காணாமலே வாங்கினேன். இப்போது ஏழு மாதம். காரைப் பற்றியும், எனக்காக அதைப் பார்த்த இரண்டு பேரைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஏன் இந்தக் கார் என்று கேட்பவர்களுக்கு: 2000ஆம் ஆண்டு, உயர்தரம் படிக்கும்போது, பம்பலப்பிட்டியில் ரியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் முதன்முதல் ஒரு அல்டெஸாவைக் கண்டேன். பின் லைற்றுக்குள் தெளிந்த கண்ணாடி, அதற்குள் சிவப்பு வட்டங்கள். அதுவரை அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பிறகு அந்த மாதிரி லைற்றுக்கே உலகமெங்கும் "அல்டெஸா லைற்" என்று பெயர் விழுந்துவிட்டது. ஜப்பானில் 1998 ஒக்டோபரில் வந்த கார் இது. அந்தப் பருவத்துக்கான அந்நாட்டின் சிறந்த கார் விருதும் இதற்கே கிடைத்தது. தலைமைப் பொறியியலாளர் நொபுவாக்கி கட்டயாமா. நாலு கதவு, குடும்பம் ஏறலாம், பின் சக்கரங்கள் தள்ளும். எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு கதவுக் கார் எங்கள் வீட்டில் நடக்காது.

தேடத் தொடங்கினால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் "அல்டெஸா" என்று ஒரே பெயரில் வருவது உண்மையில் இரண்டு கார். ஆர்எஸ்200இல் இருப்பது நாலு சிலிண்டர் 3எஸ்-ஜிஈ எஞ்சின். யமஹாவும் கைவைத்த எஞ்சின். டேர்போ இல்லாமல் நிமிடத்துக்கு 7,600 சுற்றில் 210 குதிரைவலு. ஏஎஸ்200இல் இருப்பது ஆறு சிலிண்டர் 1ஜி-எஃப்ஈ, 160 குதிரைவலு. அதுவும் நல்ல கார்தான், பட்டுப் போல ஓடும். ஆனால் விலை வேறு, குணம் வேறு. பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பக் கூடாது. அந்த எழுத்து தனியாகவும் விலைக்குக் கிடைக்கும். சிஆர் புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், எஞ்சின் கொள்ளளவைப் பாருங்கள். ஆர்எஸ் என்றால் 1998 சிசி, ஏஎஸ் என்றால் 1988 சிசி. சசி இலக்கம், அதாவது காரின் உடலில் பொறித்த இலக்கம், எஸ்எக்ஸ்ஈ10 என்று தொடங்கினால் ஆர்எஸ், ஜிஎக்ஸ்ஈ10 என்றால் ஏஎஸ். கண்டியில் ஒருவர் ஆர்எஸ் விலை கேட்டுக்கொண்டு நின்றார். சிஆர் படம் கேட்டேன். அந்த வரியின் மேல் பெருவிரலை வைத்து எடுத்து அனுப்பினார். விரலை எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னேன், 1988 என்றிருந்தது. எஞ்சின் மாற்றியிருக்கிறோம் என்றார். மாற்றிய எஞ்சினைப் பதிந்த கடதாசி எங்கே என்று கேட்டேன். அதோடு பேச்சு நின்றது. பத்து சிசி வித்தியாசம் எனக்குக் கண்டிப் பயணம் ஒன்றை மிச்சப்படுத்தியது.

இப்படிக் கடுமையாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தாலும் இருபத்தைந்து வயதுக் கார் இனிக் கப்பலில் வராது. நாட்டுக்குள் இருக்கிற அல்டெஸாக்கள்தான் கணக்கு. அந்தக் கணக்கு குறையுமே தவிர ஏறாது. விற்பவர்களுக்கு இது தெரியும். "இன்னொரு ஆள் காசோட நிக்கிறார்" என்ற வசனத்தை மூன்று மாதத்தில் எத்தனை பேர் சொன்னார்கள்! அவசரப்பட வைக்கிறவரிடம் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

திருகோணமலைக்காரர் அவசரப்படுத்தவில்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நான் அவரை சேர் என்றுதான் கூப்பிட்டேன். "முழங்கால் விடுகுதில்லை தம்பி. கிளச் மிதிக்க ஏலாமப் போட்டுது. இல்லாட்டி நான் விக்கிற ஆளில்லை" என்றார். 2022இல் பெற்றோல் இல்லாத காலத்தில், கியூஆர் குறியீட்டுக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தபோது, அந்த 20 லீற்றரையும் வைத்தியசாலைப் பயணங்களுக்கென்று மற்றக் காருக்குத்தான் தேடியிருக்கிறார். அல்டெஸா மாதக்கணக்கில் தார்ப்பாயின் கீழ் நின்றதாம். நான் கேட்காமலே சொன்னார். கேட்காமல் ஒரு குறையைச் சொல்கிறவரோடு பேச்சைத் தொடரலாம் என்று நினைத்தேன்.

எனக்காகக் காரைப் போய்ப் பார்க்க ஒரு மெக்கானிக்கைப் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒருவர் சொல்லித் தந்தார். திருகோணமலையில் சின்னக் கராஜ், முப்பது வயது மதிக்கலாம். சேருக்கு அவரைத் தெரியாது, அவருக்குச் சேரைத் தெரியாது. எனக்கு அதுதான் வேண்டும். பார்க்கிற கூலி 15,000 ரூபா. கார் கைமாறினாலும் மாறாவிட்டாலும் அந்தக் காசை நான் தருவேன், வேறு எவரிடமும் அவர் தரகு வாங்கக் கூடாது என்று முதலே பேசிக்கொண்டோம். விற்பவரின் ஆள் பார்த்துச் சொல்வதில் எனக்குப் பயனில்லை. விற்றால்தான் கூலி என்று நிற்கும் தரகர் பார்த்தாலும் பயனில்லை.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். தான் வரும்வரை எஞ்சினை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று சேரிடம் முதல் நாளே சொல்லச் சொன்னார். காலை ஏழு மணிக்குப் போனதும் பொனட்டில் கை வைத்துப் பார்த்து, "குளிராத்தான் இருக்கு அண்ணை" என்றார். போனை எஞ்சின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு திறப்பைத் திருப்பினார். மூன்று நாலு வினாடி ஒரு கடகட சத்தம், பிறகு அடங்கியது. சூடான எஞ்சினில் அந்தச் சத்தம் கேட்டிருக்காது. பிறகு பிளக்குகளைக் கழற்றிக் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அமுக்கம், பார்த்தார். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மீற்றரின் ஒவ்வொரு படத்தையும் சிலிண்டர் இலக்கத்தோடு அனுப்பினார். ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்பதற்கு ஒரு கடதாசியும் இல்லை; அப்படியானால் மாற்றவில்லை என்றே கணக்கில் எடுங்கோ என்றார். வந்தவுடன் பெல்ற்றும் தண்ணிப் பம்பும் மாற்றினேன்.

பிறகு லிஃப்ற். கார் மேலே போனதும் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "அடிக்குப் புதுசாக் கறுப்பு அடிச்சிருக்கு அண்ணை. சுரண்டிப் பாக்கிறதெண்டா சேரிட்ட நீங்க கேக்க வேணும்" என்றார். கேட்டேன். சேர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கடற்காற்று இருபது வருடம் வேலை செய்திருந்தது. இடது பக்கம் ஜெக் வைக்கிற விளிம்பு அப்பளம் போல உதிர்ந்தது. முன் சப்ஃபிரேமில், அதாவது எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டத்தில், மேலோட்டமான துரு. தகரம் ஓட்டையாகியிருக்கிறதா என்று ஒரு சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, அந்தச் சத்தத்தை எனக்குப் போனில் கேட்கவைத்தார். டங் என்று கேட்டால் தகரம் இருக்கு, டப் என்று கேட்டால் போச்சு. ஒரு இடத்தில் மட்டும் டப்.

முன் சக்கரத்தைக் கம்பியால் நெம்பியபோது கீழ் போல் ஜொயின்ற் இரண்டும் ஆடின. இந்தக் கார்க் குடும்பத்தில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் வற்றி, மூட்டு தேய்ந்து, ஒருநாள் கழன்றால் சக்கரம் ஓட்டத்திலேயே மடங்கும். "இதோட ஹபரணை தாண்ட நான் ஓட மாட்டன்" என்றார். பிள்ளைகளை ஏற்றப்போகிற காரில் அந்த ஒரு வசனத்துக்கே 15,000 தகும்.

இப்போது மாமா. மனைவியின் சித்தப்பா, திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறார், ஓய்வுபெற்ற தபாலதிபர். கார் ஓட்டத் தெரியாது. கடதாசி பார்க்கத்தான் அவரைக் கேட்டேன். இங்கே ஓப்பன் பேப்பர் என்றொரு வழக்கம் இருக்கிறது. வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல், பழைய சொந்தக்காரரின் கையெழுத்து வைத்த படிவத்தோடு அடுத்தவருக்கு விற்பார், அவர் அடுத்தவருக்கு. நடுவில் ஒருவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ காரைப் பெயர் மாற்றப் படாத பாடு பட வேண்டும். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிஆரில் உள்ள பெயரையும் சேரின் அடையாள அட்டையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். லீசிங் நிறுவனத்தின் பெயர் எதுவும் சிஆரில் நிற்கவில்லை என்று உறுதிசெய்தார். சசி இலக்கத்தை மெக்கானிக்கை வாசிக்கச் சொல்லித் தன் கையால் எழுதிக்கொண்டார். எஸ்எக்ஸ்ஈ10. சிஆரோடு பொருந்தியது.

வேலை முடிந்தது என்று நான் நினைத்த நேரம் மாமா சொன்னார்: "மருமகன், டிக்கியைத் திறந்தா ஒரு ஈர மணம் அடிக்குது. பழைய தபால் கந்தோர் அலுமாரி மாதிரி." மெக்கானிக் டிக்கியைப் பார்த்திருந்தார், ஆனால் பூசிய புட்டியும் பெயின்றும் தேடுகிற கண்ணால் பார்த்திருந்தார். மணம் வீடியோவில் வராது. மாமா விரிப்பைத் தூக்கினார். மேலதிகச் சக்கரம் இருக்கும் குழியில் இரண்டு அங்குலம் தண்ணீர். இடது பின் லைற்றின் றப்பர் காய்ந்துபோய், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. தண்ணீரைத் துடைக்கும்போது சக்கரத்துக்குக் கீழே ஒட்டிக்கிடந்த ஒரு கடதாசியை மாமா உரித்தெடுத்து வெயிலில் காயவைத்தார். பழைய சேர்விஸ் பில். திகதி 2016. கார் இலக்கம் இதே இலக்கம். ஓடிய தூரம் 158,400 கிலோமீற்றர்.

அன்றைக்கு மீற்றரில் இருந்தது 131,000.

சேரிடம் அதைக் காட்டியபோது அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார் என்று மாமா சொன்னார். சேர் நாலாவது சொந்தக்காரர். 2018இல் வாங்கும்போது மீற்றர் 118,000 என்றிருந்ததாம். அவரும் கொழும்பில் நின்ற காரை மற்றவர் சொல்லைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து விலை பேசுவது கஷ்டமாயிருக்குமே என்று நினைத்தேன்; தூரத்தில் இருந்தது அந்த ஒரு விடயத்தில் எனக்கு வசதியாய் இருந்தது. ஆனாலும் அடுத்த நாள்வரை பேசாமல் விட்டேன். பிறகு துரு, போல் ஜொயின்ற், பெல்ற், மீற்றர் நாலையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணித ஆசிரியர், இரண்டு இடத்தில் என் கூட்டலைத் திருத்தினார். நான்கு இலட்சம் குறைத்தார். முழு விலையை எழுத வேண்டாம் என்று கேட்டதால் எழுதவில்லை.

முற்பணம் ஒரு இலட்சம் வங்கியில் போட்டேன். மிச்சம், மாமாவின் முன்னால் சேர் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்த பிறகு. படிவமும் சிஆரும் மாமாவின் கையில், காசு சேரின் கணக்கில், இரண்டும் ஒரே பத்து நிமிடத்துக்குள். கார் நகர்வதற்கு முன் காப்புறுதியை என் பெயரில் எடுத்துவிட்டேன். வழியில் ஏதும் நடந்தால் பழைய சொந்தக்காரரின் காப்புறுதியை நம்பி நிற்க முடியாது.

போல் ஜொயின்ற் இரண்டையும் பஞ்சிகாவத்தையில் வாங்கி, புறக்கோட்டையில் இரவு பஸ்ஸில் நடத்துநர் கையில் கொடுத்து அனுப்பினேன். விடிய மெக்கானிக் போய் எடுத்தார். பூட்டிய பிறகு அவரே தன் நண்பனோடு காரைக் கொண்டுவந்தார். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை கடக்கும் என்பதால் நன்றாக விடிந்த பிறகே வெளிக்கிட்டார்கள். தம்புள்ளை, குருநாகல், பிறகு மீரிகமவரை அதிவேகப் பாதை. பின்னேரம் மூன்றரைக்கு எங்கள் ஒழுங்கைக்குள் அந்த வெள்ளி நிறம் திரும்பியபோது கடையில் நாலு பேர் மருந்துக்கு நின்றார்கள். நாலு பேருக்கும் கொடுத்து முடித்துத்தான் வெளியே போனேன். அந்தக் கால் மணித்தியாலம் போல நீண்ட ஒன்றை எனக்கு ஞாபகமில்லை.

அன்று மாலையே தப்பிப்போனது ஒன்று தெரிந்தது. காலி வீதியில் தெஹிவளைப் பக்கம் நெரிசலில் நின்றபோது ஏசி சூடான காற்றை ஊதத் தொடங்கியது. கார் நகர்ந்தால் குளிர்கிறது, நின்றால் இல்லை. கொண்டென்சர் விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. மெக்கானிக் ஏசியைப் பார்த்தது நிலாவெளி வீதியில். அங்கே நெரிசல் எங்கே இருக்கிறது? அவரில் குறை சொல்ல மாட்டேன். கார் எந்த ஊரில் ஓடப்போகிறதோ அந்த ஊரின் ஓட்டத்தை நான்தான் சொல்லியிருக்க வேண்டும்: காரை வெயிலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, இருபது நிமிடம் ஏசியைப் போட்டு வையுங்கோ என்று. டயரிலும் அப்படித்தான். பூ, அதாவது பள்ளங்கள், ஆழமாக இருந்ததால் நல்லது என்றார். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தை நான் பிறகுதான் வாசித்தேன்: 3116. 2016இன் 31ஆவது வாரம். நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியதற்குக் காரணம் அந்தக் காய்ந்த றப்பர். நாலையும் மாற்ற நடுக்கம் போய்விட்டது.

இனி ஓட்டம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மரைன் டிரைவில் கடல் ஒரு பக்கமாக வரும்போது, இந்தக் காருக்காக இருபத்தைந்து வருடம் காத்திருந்தது சரிதான் என்று ஒவ்வொரு கிழமையும் நினைக்கிறேன். கியர்த்தடி குட்டை, இடம் மாறும்போது கைக்கு ஒரு கிளிக் தெரியும். குளிர் எஞ்சினில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டும், ஐந்து நிமிடத்தில் சரியாகும். ஸ்டியரிங் என் கை நினைத்த இடத்துக்குத் திரும்புகிறது. கீழ்ச் சுற்றுகளில் எஞ்சின் சாதாரணமானது; ஏற்றத்தில் கியரைக் குறைக்கத்தான் வேண்டும். ஆறாயிரம் தாண்டியதும் குரல் மாறும். அதைக் கொழும்புக்குள் கேட்க முடியாது. தெற்கு அதிவேகப் பாதையில் கொட்டாவையில் ஏறும் வளைவு முடிந்து, மூன்றாவது கியரில் ஒருதடவை கேட்டேன். பிறகு ஆறாவது கியரில் நூறில் வைத்து மாத்தறைவரை அமைதியாகப் போனோம். பின்னால் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

மீற்றர்த் தட்டைக் கைக்கடிகாரம் மாதிரிச் செய்திருக்கிறார்கள். பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டங்கள். மகள் அதைப் பார்த்துத்தான் மணி சொல்லப் பழகுகிறேன் என்று அடம்பிடிக்கிறாள். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் தாராளம், மூன்றாவது பெரியவருக்கு இல்லை. பெற்றோல் ஒக்டேன் 95தான் அடிக்கிறேன். அமுக்கவிகிதம் கூடிய எஞ்சின், 92இல் மனம் வரவில்லை. கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர். அன்றாடம் அலுவலகம் போய்வர இதை வாங்குகிறவர்களுக்கு அது பாரம். எனக்குக் கடை நடந்து போகிற தூரம்.

பெயர் மாற்றம் நாரஹேன்பிட்டியில், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில். மாமா எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்திருந்ததால் ஒரு காலை வேளையோடு முடிந்தது. அந்த ஒரு காலைக்கு நண்பர் ஒருவர், அவரும் மருந்தாளர், என் கடையில் வந்து நின்றார்.

மெக்கானிக்கின் வேலையில் எனக்குப் பூரண திருப்தி. பதினையாயிரத்துக்குப் பதில் முப்பதாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். கறுப்பு அடித்த இடத்தைச் சுரண்ட வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். ஆனால் அடுத்த முறை என்று ஒன்று வந்தால், மெக்கானிக் ஒருவரை மட்டும் அனுப்ப மாட்டேன். காரைப் பற்றி ஒன்றும் தெரியாத, நிதானமான ஒருவரையும் கூட அனுப்புவேன். கதவைத் திறந்து பத்து நிமிடம் சும்மா உள்ளே உட்கார்ந்து, மணந்து, தொட்டு, தூக்கிப் பார்க்கச் சொல்வேன். அந்த 2016 பில் இப்போது காரின் கையேட்டுக்குள் இருக்கிறது. இந்தக் கார் உண்மையில் எவ்வளவு ஓடியதென்று எனக்குத் தெரியாது. எண்ணெய் மாற்றுவதையும் புஷ் மாற்றுவதையும் இரண்டு இலட்சம் கடந்த கார் என்றே வைத்துச் செய்கிறேன்.

துருப்பிடித்த விளிம்பை இரத்மலானையில் வெட்டி, புதுத் தகரம் வைத்து, டின்கரிங் செய்தாயிற்று. பின் லைற்றுக்கு உள்ளூரில் வெட்டிய ஒரு றப்பரை வைத்தோம். போன கிழமை இரவு முழுக்க மழை. விடிய எழும்பி, தேத்தண்ணி குடிக்க முதல் கீழே போய் டிக்கியைத் திறந்து விரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் காய்ந்திருந்தது. இடப்பக்கம் விரல் நுனியில் ஈரம். சனிக்கிழமை பின்னேரம் திரும்பப் பஞ்சிகாவத்தைக்குப் போகிறேன். அசல் றப்பர் ஒன்று வந்திருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.